தட்டு உங்களுடையது, பாட்டு யாருடையது? பழைய இசையைப் பகிர்வோர் செய்யும் தவறுகள்

பழைய இசைத்தட்டு சேகரிக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எங்கும் கிடைக்காத ஒரு தட்டு கைக்கு வந்துவிட்டால், அதை நாலு பேர் காதில் போடாமல் தூக்கம் வராது. ராத்திரியோடு ராத்திரியாகத் துடைத்து, முள்ளை வைத்து, கணினியில் பதிந்து, இணையத்தில் ஏற்றிவிட்டுப் படுப்போம். காலையில் ஒரு மின்னஞ்சல் காத்திருக்கும்: உங்கள் வீடியோவின்மீது காப்புரிமைக் கோரிக்கை வந்திருக்கிறது. "அந்தக் காலத்துப் பாட்டு, உலகத்தில் இன்னொரு பிரதி இருக்கிறதா என்பதே சந்தேகம், இதற்கு யாரய்யா சொந்தக்காரர்?" என்று கோபம் பொங்கும். எனக்கும் பொங்கியது. கொஞ்சம் ஆறியபின் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தபோதுதான், நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியே தப்பு என்று தெரிந்தது.

காசு கொடுத்து நாம் வாங்கியது தட்டை. அதை விற்கலாம், பரிசாகக் கொடுக்கலாம், கை தவறி உடைத்துவிட்டு அழலாம். அதை நகலெடுத்து ஊருக்கெல்லாம் பரப்பும் உரிமை அந்தக் காசில் அடங்கவில்லை. தட்டு எவ்வளவு அரிது என்பதற்கும் அந்த உரிமைக்கும் சம்பந்தமே இல்லை. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதி, இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருபவை.

எல்லோரும் முதலில் விழுகிற குழி, "பழசுதானே, உரிமையெல்லாம் எப்போதோ முடிந்திருக்கும்" என்பது. ஒரு பாட்டுக்கு ஒரு உரிமை, ஒரு கெடு என்று நினைத்துக்கொள்வதால் வருகிற நம்பிக்கை இது. உண்மையில் ஒரே தட்டுக்குள் பல உரிமைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. மெட்டு ஒன்று, வரிகள் ஒன்று, அவற்றைப் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு ஒன்று. பல நாடுகளில் பாடியவர், வாசித்தவர்களுக்கும் தனி உரிமை உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிகாரம். இந்தியச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். 1960இல் வெளியான தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2020 முடிவோடு தீர்ந்துவிட்டது. ஆனால் மெட்டுக்கும் வரிகளுக்கும் கணக்கு வேறு: படைத்தவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். அதே தட்டுக்கு மெட்டமைத்தவர் 1990இல் காலமானார் என்றால் மெட்டு 2050 முடியும்வரை யாரோ ஒருவருடைய சொத்து. ஒலிப்பதிவு பொதுச்சொத்து, அதற்குள் ஒலிக்கிற பாட்டு பொதுச்சொத்து இல்லை. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் படைத்தவர் இறந்து 70 ஆண்டுகள் என்பதால் இந்த இடைவெளி இன்னும் நீளும். ஆக, "எப்போது வெளியானது" என்று மட்டும் கேட்டால் போதாது. "எழுதியவர், மெட்டுப் போட்டவர் எப்போது இறந்தார்கள்" என்றும் கேட்க வேண்டும். கொஞ்சம் சங்கடமான கேள்விதான்.

அடுத்தது தேசம். இணையத்தில் ஏற்றுவது என்றால் எல்லா நாடுகளிலும் வெளியிடுவது என்று அர்த்தம். அமெரிக்காவில் 1972 பிப்ரவரி 15க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் வெகுகாலம் மத்தியக் காப்புரிமைச் சட்டத்துக்கு வெளியே, மாகாணச் சட்டங்களின் பிடியில் கிடந்தன. 2018இல் வந்த இசை நவீனமயமாக்கல் சட்டம்தான் அவற்றை உள்ளே கொண்டுவந்து கெடு வைத்தது. 1923க்கு முன் வெளியானவை 2022 ஜனவரி 1 அன்று பொதுச்சொத்தாயின. 1923 முதல் 1946 வரையிலானவற்றுக்கு 100 ஆண்டுகள். 1947 முதல் 1956 வரை என்றால் 110. அதற்குப் பிறகு 1972 பிப்ரவரி நடுப்பகுதிவரை வெளியானவை எல்லாம் 2067 பிப்ரவரி 15 வரை பூட்டியேதான் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் முன்பு 50 ஆண்டுகள். 2013இல் அதை 70 ஆக்கினார்கள். ஆனால் ஏற்கெனவே காலாவதியானவற்றுக்கு உயிர் கொடுக்கவில்லை. விளைவு விநோதமானது. 1958இல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஜாஸ் தட்டின் ஒலிப்பதிவை ஐரோப்பாவில் யார் வேண்டுமானாலும் மறுவெளியீடு செய்யலாம். பிறந்த மண்ணில் 2067 வரை காத்திருக்க வேண்டும். "அங்கே ஒரு நிறுவனமே குறுந்தகடு போட்டு விற்கிறது, நான் ஏற்றினால் மட்டும் தப்பா?" என்று கேட்பவர்களுக்கு விடை இதில் இருக்கிறது.

சரி, சந்தையிலேயே கிடைக்காத பதிவுகள்? உரிமையாளரே கைவிட்டதை நாம் எடுத்தால் என்ன? இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக 2005இல் வெளியான ஓர் ஆய்வு, 1890 முதல் 1964 வரையிலான அமெரிக்கப் பதிவுகளை மாதிரி எடுத்துப் பார்த்தது. உரிமையாளர்கள் தங்கள் வசம் உள்ள பழைய பதிவுகளில் சராசரியாக நூற்றுக்கு 14ஐத்தான் மறுவெளியீடு செய்திருந்தார்கள். மீதி இருட்டில். ஆனால் பெரும்பாலான பதிவுகளுக்கு உரிமையாளர் யார் என்று தெரிந்தே இருந்தது என்பதையும் அதே ஆய்வு சொன்னது. கடையில் இல்லை என்பதால் சொந்தக்காரரே இல்லை என்று ஆகிவிடாது.

இதற்குப் பெரிய உதாரணம் இன்டர்நெட் ஆர்க்கைவ். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய தட்டுகளை லட்சக்கணக்கில் எண்மமாக்கி இலவசமாகக் கேட்க வைத்த நிறுவனம் அது. 2023 ஆகஸ்டில் பெரிய இசை நிறுவனங்கள் சேர்ந்து வழக்குப் போட்டன. முதல் பட்டியலில் இருந்தவை 2,749 பதிவுகள். ஒன்றுக்கு 1,50,000 டாலர்வரை இழப்பீடு கேட்கச் சட்டம் இடம் தருவதால் தொகை 41 கோடி டாலரைத் தாண்டியது. 2025 செப்டம்பரில் சமரசமானது. நிபந்தனைகள் வெளியே வரவில்லை. அந்த வழக்கில் நிறுவனங்கள் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்றைத்தான் நாம் கவனிக்க வேண்டும்: பட்டியலில் உள்ள பாட்டுகள் ஸ்ட்ரீமிங் சேவைகளில் ஏற்கெனவே கிடைக்கின்றன, அழிந்துபோகும் ஆபத்தில் இல்லை. நாம் "அரிது" என்று கொண்டாடுவது பல நேரம் தட்டைத்தான். அதே ஒலிப்பதிவு வேறு தொகுப்பில், வேறு தலைப்பில், சில சமயம் வேறு எழுத்துக்கூட்டலில் விற்பனையில் இருக்கும். ஏற்றுவதற்கு முன் அரைமணி நேரம் தேடிப் பாருங்கள். நான் தேடாமல் ஏற்றிய பாட்டு ஒன்று மூன்று சேவைகளில் இருந்தது. அசடு வழிந்ததுதான் மிச்சம்.

தேடுவதற்குப் பாட்டின் பெயர் போதாது. மேட்ரிக்ஸ் எண் வேண்டும். தட்டின் நடுவே ஒட்டிய லேபிளில் அச்சிட்ட எண் விற்பனைக்கான எண். பள்ளங்கள் முடிந்து லேபிள் தொடங்கும் வெற்று வளையத்தில் பொறித்தோ கீறியோ இருப்பதுதான் மேட்ரிக்ஸ். ஒரு குறிப்பிட்ட பதிவுக்கு உரியது அது. பல நிறுவனங்கள் எத்தனையாவது முறை பாடியது என்பதையும் அதன் வாலில் குறித்திருக்கும். ஒரே விற்பனை எண்ணில் வெளிவந்த இரண்டு தட்டுகளில் இரண்டு வேறு பதிவுகள் இருப்பதும் உண்டு. விளக்கைச் சாய்வாகப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும். அமெரிக்கப் பதிவுகள் என்றால் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகம் நடத்தும் தரவுத்தளத்தில் அந்த எண்ணைப் போட்டால், பதிந்த தேதியே கிடைத்துவிட வாய்ப்பிருக்கிறது. இதைச் செய்யாமல், கையில் இருக்கும் எல்பி (நீண்ட நேரம் ஓடும் பிற்காலத் தட்டு) உறையில் 1975 என்று போட்டிருக்கிறதே என்று அந்த ஆண்டையே எழுதிவிடுகிறார்கள். உள்ளே இருப்பது 1930களின் பதிவாக இருக்கலாம். கடிகாரம் முதல் வெளியீட்டிலிருந்து ஓடுகிறது, மறுவெளியீட்டிலிருந்து இல்லை.

"காப்புரிமையை மீறும் நோக்கம் இல்லை, எல்லாப் புகழும் உரியவர்களுக்கே" என்று கீழே ஒரு வரி போடுவது பற்றி: தூக்கிவிடுங்கள். எந்த நீதிமன்றத்திலும் அது கேடயமாகாது. இன்னும் சொன்னால், உரிமை வேறு யாருக்கோ இருக்கிறது என்று தெரிந்தே செய்ததற்கு உங்கள் கையெழுத்து போலத்தான் அது இருக்கும்.

இப்போது அந்தக் காலை மின்னஞ்சலுக்கு வருவோம். யூடியூபில் உரிமைக் கோரிக்கை வேறு, ஸ்ட்ரைக் வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பதறி, பத்து வருட உழைப்பை ஒரே இரவில் அழித்தவர்கள் உண்டு. 2007 முதல் இயங்கும் கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி முறை, நீங்கள் ஏற்றிய ஒலியைத் தன்னிடம் உள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டுக் கோரிக்கை எழுப்பும். பெரும்பாலும் விளம்பர வருமானம் கோரியவருக்குப் போகும், அல்லது சில நாடுகளில் வீடியோ தெரியாது. சேனலுக்கு ஆபத்தில்லை. ஸ்ட்ரைக் என்பது சட்டப்படி வந்த நீக்கல் வேண்டுகோளின் விளைவு. 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும்.

கோரிக்கை எல்லாமே சரியானதும் இல்லை. எனக்கு வந்த ஒன்றில், யாரோ ஒரு விநியோகஸ்தர் பழைய பாட்டுகளை மூட்டையாக ஏற்றி, எல்லாவற்றுக்கும் தன்னையே உரிமையாளராகப் பதிந்து வைத்திருந்தார். லேபிள் படம், மேட்ரிக்ஸ் எண், முதல் வெளியீட்டு ஆண்டு, மெட்டமைத்தவரின் மறைவு ஆண்டு ஆகிய நான்கையும் வைத்து மறுப்பு எழுதினேன், விலகிக்கொண்டார். ஆனால் ஸ்ட்ரைக்குக்கு எதிராக அனுப்பும் எதிர் அறிவிப்பு அப்படி லேசானது இல்லை. உங்கள் பெயரும் முகவரியும் புகார் கொடுத்தவர் கைக்குப் போகும். பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழியோடு கையெழுத்திட வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி, அடுத்த 10 முதல் 14 வேலை நாளுக்குள் அவர் வழக்குத் தொடுக்காவிட்டால்தான் வீடியோ திரும்ப வரும். கையில் ஆவணம் இருந்தால் அனுப்புங்கள். கோபம் மட்டும் இருந்தால் வேண்டாம்.

இன்னொருவர் சுத்தம் செய்து வெளியிட்ட குறுந்தகட்டிலிருந்து உருவி, தன் தட்டிலிருந்து எடுத்ததாகப் போடுவதும் நடக்கிறது. வெறும் ஒலித்திருத்தம் மட்டும் தனிக் காப்புரிமை தந்துவிடாது என்று 2018இல் ஓர் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருப்பது உண்மை. அதற்காக அடுத்தவர் உழைப்பில் நம் பெயரை ஒட்டிக்கொள்ளலாமா? தவிர, கூட வரும் குறிப்பேட்டின் கட்டுரையும் படங்களும் நிச்சயம் உரிமைக்கு உட்பட்டவை.

தொழில்நுட்பத் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரக்கால் செய்த பழைய 78 சுற்றுத் தட்டை ஆல்கஹாலால் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். எல்பி முள்ளை 78இல் வைக்காதீர்கள். பள்ளம் மூன்று மடங்கு அகலம். 78 என்பதும் பெயருக்குத்தான், பழைய தட்டுகள் 70 முதல் 80க்கு மேல்வரை பல வேகங்களில் பதியப்பட்டவை. பாடகர் குரல் விசித்திரமாகத் தெரிந்தால் வேகத்தைச் சந்தேகியுங்கள். 24 பிட், குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸில் எடுத்த மூலக் கோப்பை, இரைச்சல் நீக்காமல் அப்படியே தனியாக வைத்திருங்கள். எம்பி3 மட்டும் வைத்திருப்பது கிட்டத்தட்ட ஒன்றும் வைத்திருக்காத மாதிரி.

எனக்கு மிகவும் பயம் தருவது வேறு: வெளியாகாத பதிவுகள். கச்சேரியில் யாரோ மடியில் வைத்துப் பதிந்த நாடா, வானொலியிலிருந்து பிடித்தது, வீட்டில் பாடியது. நிறுவனம் எதுவும் இல்லை என்பதால் இவைதான் பாதுகாப்பானவை என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. பாடியவர் இதை வெளியிடச் சம்மதித்ததே இல்லை. இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவின் 60 வருடக் கணக்கு வெளியீட்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. வெளியிடவே இல்லை என்றால் ஆரம்பமே இல்லை. அமெரிக்காவில் 1972க்கு முன் பதிந்து வெளியிடாமல் விட்டவையும் 2067 வரை பாதுகாப்பில்தான். வானொலி என்றால் நிலையத்துக்கும் தனி உரிமை உண்டு. அப்புறம், தொண்டை சரியில்லாத ஒரு நாளின் பாட்டு தன் பெயரில் உலகம் சுற்றுவதை எந்தக் கலைஞர் விரும்புவார்?

வழியே இல்லை என்று சொல்லவரவில்லை. அமெரிக்காவின் அதே 2018 சட்டம், விற்பனையில் இல்லாத 1972க்கு முந்தைய பதிவுகளுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: நேர்மையாகத் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்றால், காப்புரிமை அலுவலகத்தில் அறிவிப்புப் பதிந்து 90 நாள் காத்திருங்கள், உரிமையாளர் ஆட்சேபிக்காவிட்டால் லாப நோக்கமின்றிப் பயன்படுத்தலாம். விளம்பர வருமானத்தை இயக்கிவிட்டு இந்தக் கதவைத் தட்டாதீர்கள். மற்றவற்றுக்குக் குடும்பத்தாருக்குக் கடிதம் எழுதுவதுதான் வழி. பதில் வர மாதக்கணக்காகும், சில சமயம் வராது. என்னிடம் அப்படிப் பன்னிரண்டு நாடாக்கள் இருக்கின்றன. எண்மமாக்கி, தேதி, இடம், பக்கவாத்தியம் எல்லாம் எழுதி ஒட்டி வைத்தாயிற்று. மூன்றுக்குச் சம்மதம் வந்துவிட்டது, ஒன்றுக்கு முடியாது என்றுவிட்டார்கள். எட்டுக்கு இன்னும் காத்திருக்கிறேன்.