உணவுக் கூடத்தில் வாந்தியோ ரத்தமோ கழிவுநீரோ சிந்தினால்: பரவவிடாமல் அகற்றும் முறை

உணவு பதப்படுத்தும் கூடத்தில் ஒருவர் திடீரென வாந்தி எடுத்துவிட்டாலோ, கத்தி பட்ட கையிலிருந்து ரத்தம் சொட்டினாலோ, கழிவுநீர் வடிகால் வழியாக மேலேறி வந்தாலோ, அருகில் நிற்பவர் முதலில் தேடுவது பெரும்பாலும் தண்ணீர்க் குழாயைத்தான். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இந்தக் காரியமே பல நேரங்களில் சிந்திய பொருளைவிட அதிகக் கேட்டை விளைவிக்கிறது. ஒரு சதுர மீட்டருக்குள் கிடந்த மாசை அழுத்தமான நீர்த்தாரை நுண்திவலைகளாக உடைத்து, கன்வேயர், தலைக்கு மேலே ஓடும் குழாய்கள், பொதி கட்டும் மேசை என எட்டிய இடமெல்லாம் படியவைத்துவிடும். ஆகவே கீழே சொல்லப்படும் ஒவ்வொரு செயலையும், மாசு இருக்கும் இடத்தைவிட்டு நகராமல் அதை அகற்றுவது எப்படி என்ற கேள்வியோடு படிப்பது நல்லது.

முதல் சில நிமிடங்கள்

முதலில் உற்பத்தியை நிறுத்துங்கள். அடுத்து, அந்த இடத்தில் காற்றை வீசும் விசிறிகளையும் குளிரூட்டியையும் அணையுங்கள். காற்றை நேராக வெளியே தள்ளும் விசிறி இருந்தால் அது மட்டும் ஓடலாம். வாந்தியாக இருந்தால், சிதறல் கண்ணுக்குத் தெரியும் எல்லையோடு நிற்பதில்லை என்பதால், சுற்றிலும் ஏறத்தாழ 25 அடி, அதாவது ஏழரை மீட்டர் வரையுள்ள பகுதியை நாடா கட்டி மறித்துவிடுவது வழக்கம். உள்ளே இருந்தவர்கள் சுத்தமான பகுதிகளின் வழியாக வெளியேறாமல், அருகிலுள்ள வேறு வாசல் வழியாக வெளியேறிக் காலணியையும் மேலாடையையும் மாற்ற வேண்டும். உடல்நலம் குன்றியவர் பயன்படுத்திய கழிப்பறையையும், அது சுத்தம் செய்யப்படும் வரை மற்றவர்களுக்குத் திறக்கக் கூடாது.

அந்த எல்லைக்குள் திறந்திருந்த உணவு, மூலப்பொருள், மூடப்படாத பொதியுறை ஆகிய அனைத்தும் கழிவுதான். இதில் பேரம் பேச இடமில்லை. நீர் ஊறாத உறையில் முழுமையாக மூடப்பட்டவற்றை வெளிப்புறம் கிருமிநீக்கம் செய்து காப்பாற்றலாம். அட்டைப்பெட்டி ஈரத்தையும் கிருமியையும் உறிஞ்சுவதால் அதைக் காப்பாற்ற முயல வேண்டாம். ரத்தம் சொட்டிய நேர்வில் கணக்கு சற்று வேறுபடும்: காயம் எப்போது ஏற்பட்டது என்று உறுதியாகத் தெரியாவிட்டால், அந்தக் கை காயமின்றி இருந்ததாகக் கடைசியாக உறுதி செய்யப்பட்ட நேரம் வரை பின்னோக்கிச் சென்று, அதன் பிறகு வந்த பேட்ச் (ஒரே தொகுதியாகத் தயாரான உணவு) முழுவதையும் தனியே நிறுத்திவைக்க வேண்டும்.

யார் சுத்தம் செய்வது, எதைக் கொண்டு

உணவைத் தொட்டு வேலை செய்பவரை இந்தப் பணிக்கு அனுப்பாமல் இருப்பதே நல்லது. ஆள் இல்லாமல் அனுப்ப நேர்ந்தால், அவர் குளித்து உடை மாற்றிய பின்னரும் அந்த ஷிப்டில் திறந்த உணவின் பக்கம் திரும்பக் கூடாது. அவருக்கு வேண்டிய பொருட்கள் முன்கூட்டியே ஒரே பெட்டியில் முத்திரையிடப்பட்டு, உற்பத்திப் பகுதிக்கு வெளியே இருக்க வேண்டும்: இரண்டு அடுக்காக அணிவதற்கான கையுறைகள், நீர் புகாத மேலங்கி, முகக்கவசம், கண்ணாடிக் கவசம், காலணி மேலுறை, ஈரத்தை உறிஞ்சும் தூள், தூக்கியெறியக்கூடிய அள்ளு தட்டு, காகிதத் துண்டுகள், கனமான பைகள், சோப்புக் கரைசல், ப்ளீச் (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்), அளவுக் குவளை, குளோரின் சோதனைத் தாள். இவற்றில் பெரும்பாலும் காணாமல் போவது அளவுக் குவளைதான். அது இல்லாதபோது ப்ளீச்சைக் கண்ணளவில் ஊற்றுகிறார்கள். மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் போதும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வாடை அளவுகோல் ஆகாது.

அகற்றும் வரிசை

வாந்தியின் மேலோ சிறுநீரின் மேலோ நேரடியாக ப்ளீச் ஊற்றக் கூடாது. வாந்தியிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து அது நச்சு வாயுவை வெளிவிடலாம். அதோடு, கரிமப் பொருள் குளோரினை வேகமாகத் தின்றுவிடுவதால் கிருமிகளைக் கொல்வதற்கு எஞ்சுவது சொற்பமே. எனவே முதலில் உறிஞ்சும் தூளையோ காகிதத் துண்டையோ மெதுவாக மேலே போட்டு, ஈரம் முழுவதும் பிடித்த பிறகு, வெளி விளிம்பிலிருந்து நடுப்பகுதியை நோக்கி அள்ளிப் பையில் இட வேண்டும். துடைப்பத்தால் பெருக்குவதும் தூசி உறிஞ்சியால் இழுப்பதும் கூடாது. உடைந்த கண்ணாடியோ பிளேடோ கலந்திருந்தால் இடுக்கியால் மட்டுமே எடுக்க வேண்டும்.

அள்ளி முடித்த பிறகு சோப்புக் கரைசலால் துடைத்து, அந்தக் கரைசலின் எச்சத்தையும் நீரில் நனைத்த புதிய துண்டால் எடுத்துவிட வேண்டும். பரப்பு கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த பின்னரே கிருமிநீக்கம் தொடங்குகிறது. வாந்தி, பேதி நேர்வுகளில் வாந்தி, பேதியை உண்டாக்கி எளிதில் பரவும் நோரோவைரஸ் இருப்பதாகவே கருதிச் செயல்படுவது அறிவுடைமை, ஏனெனில் மிகச் சில வைரஸ் துகள்களே ஒருவரை நோயாளியாக்கப் போதுமானவை. அதற்குக் கொழுப்பு உறை இல்லை; அதனால் வழக்கமாக நாம் நம்பியிருக்கும் ஆல்கஹால் திரவமும் குவாட்டர்னரி அம்மோனியம் வகைக் கிருமிநாசினியும் அதனிடம் பெரிதாக எடுபடுவதில்லை. இங்கே 1000 முதல் 5000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு) வரையிலான குளோரின் கரைசல் தேவைப்படுகிறது. 5 சதவீத ப்ளீச் என்பது 50,000 பிபிஎம் என்பதால், 20 மில்லிலிட்டர் ப்ளீச்சோடு நீர் சேர்த்து 1 லிட்டராக்கினால் 1000 பிபிஎம் கிடைக்கும். 100 மில்லிலிட்டரை 1 லிட்டராக்கினால் 5000 பிபிஎம். வழவழப்பான எஃகுப் பரப்புக்குக் குறைந்த அளவையும், சொரசொரப்பான தரைக்கு உயர்ந்த அளவையும் தேர்ந்தெடுக்கலாம். பழைய ப்ளீச் வீரியம் இழந்திருக்கும், வெந்நீரும் அதைச் சிதைக்கும். ஆகவே காலாவதி தேதியைப் பார்த்து, குளிர்ந்த நீரில், அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். அமிலக் கிளீனரோடும் அம்மோனியா உள்ள பொருளோடும் அது எந்த நிலையிலும் சேரக் கூடாது.

கரைசல் பரப்பின் மீது குறைந்தது 5 நிமிடம், அல்லது புட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் நேரம் கூடுதலாக இருந்தால் அவ்வளவு நேரம், ஈரமாகவே நிற்க வேண்டும். இடையில் உலர்ந்துவிட்டால் மறுபடியும் நனைத்து, நேரத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும். அதன் பிறகு, உணவு படும் பரப்புகளைக் குடிநீரால் நன்றாக அலசி, வழக்கமான 200 பிபிஎம்முக்கு மிகாத கிருமிநாசினியை இட்டு முடிக்க வேண்டும். அலசாமல் விட்டால் வீரியமான குளோரின் உணவிலும் சேரும், எஃகையும் அரிக்கும்.

கவசங்களைக் கழற்றும்போதுதான் பலர் தங்களை மாசாக்கிக்கொள்கிறார்கள். வெளிக் கையுறை, மேலங்கி, காலணி மேலுறை, உள் கையுறை, கண்ணாடி, கடைசியாக முகக்கவசம் என்ற வரிசையில் எல்லைக்கோட்டின் அருகிலேயே கழற்றி, பையில் இட்டுக் கட்டி, சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 20 விநாடியாவது கை கழுவ வேண்டும்.

வடிகால், இயந்திரம், உலர் கூடம்

வடிகால் எதிர்த்து வந்த நேர்வில் மேற்சொன்ன முறையோடு இன்னொரு கவலையும் சேர்கிறது. உணவு வழியாக நோய் பரப்பும் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் என்ற பாக்டீரியா குளிர்சாதன வெப்பநிலையிலும் பெருகக்கூடியது. ஈரமான வடிகாலிலும் தரை வெடிப்புகளிலும் உயிர்ப்படலம் (பரப்பில் ஒட்டிக்கொள்ளும் கிருமிப் படலம்) கட்டி நெடுங்காலம் தங்கிவிடும். வடிகாலுக்கென்று தனி நிறத்தில் தூரிகை வைத்து, உற்பத்தி நடக்காத நேரத்தில், நீரின் அழுத்தத்தைக் குறைத்துத் தேய்க்க வேண்டும். அந்தத் தூரிகை வேறு எந்தப் பரப்பையும் தொடக் கூடாது.

இயந்திரங்களைக் கழற்றாமல் மேலோட்டமாகச் சுத்தம் செய்வதன் விலை என்ன என்பதற்கு, கனடாவில் 2008-ஆம் ஆண்டு பதப்படுத்திய இறைச்சியால் பரவி 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட லிஸ்டீரியா நோய்ப்பரவலே சான்று. அங்கே இறைச்சி சீவும் இயந்திரங்களின் உட்புறத்தில், வழக்கமான சுத்திகரிப்பு எட்டாத இடத்தில், கிருமி தங்கியிருந்திருக்கக்கூடும் என்றே விசாரணை சுட்டியது. சிதறல் எட்டியிருக்கக்கூடிய கவசத் தகடுகள், பெல்ட், பேரிங் மூடிகள் ஆகியவற்றைக் கழற்றித்தான் கழுவ வேண்டும். மாவு, பால்பொடி போன்ற உலர் பொருள் கூடங்களில் நீரே எதிரி: உலர்ந்த நிலையில் பெருகாமல் உயிரோடு மட்டும் இருக்கும் சால்மொனெல்லா பாக்டீரியா, ஈரம் கிடைத்ததும் பெருகத் தொடங்கும். அங்கே நனைத்த துண்டால் மட்டும் வேலையை முடித்து, கடைசிச் சொட்டும் காய்ந்த பிறகே இயக்க வேண்டும்.

மீண்டும் இயக்குவதற்கு முன்

பரப்பைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்துச் செய்யும் ஏடிபி ஸ்வாப் சோதனை கரிம எச்சத்தை உடனே காட்டும். ஆனால் வைரஸைக் காட்டாது. ஆகவே நோரோவைரஸ் நேர்வில் உங்களிடம் இருக்கும் உண்மையான சான்று, சோதனைத் தாளில் பார்த்த பிபிஎம் அளவும், கடிகாரம் பார்த்துக் குறித்த நேரமும்தான். சம்பவ நேரம், இடம், மறித்த பரப்பு, நிறுத்திவைத்த பேட்ச் எண்கள், சுத்தம் செய்தவர், கரைசலின் அளவு ஆகியவற்றை அங்கேயே எழுத வேண்டும். வடிகால் நேர்வில் அடுத்தடுத்த நாட்களிலும் சுற்றுப்புற ஸ்வாப் எடுத்து, ஓர் இடத்தில் கிருமி தென்பட்டால் அதைச் சுற்றி எல்லாத் திசையிலும் தேடிச் செல்ல வேண்டும். இயக்குவதற்கான அனுமதி, தரக் கட்டுப்பாட்டுப் பிரிவிடமிருந்து வர வேண்டும். அன்றைய இலக்கை எண்ணிக்கொண்டு நிற்கும் உற்பத்தி மேலாளரிடமிருந்து அல்ல.

வாந்தி, பேதியால் பாதிக்கப்பட்டவர் அறிகுறிகள் முற்றிலும் நின்று 48 மணி நேரம் ஆன பிறகே திரும்ப வேண்டும். குணமான பின்னும் இரண்டு வாரமோ அதற்கு மேலுமோ வைரஸ் மலத்தில் வெளியேறக்கூடும் என்பதால், அவர் கை கழுவுவதில் தளர்வு காட்டக் கூடாது. ஆல்கஹால் ஜெல் அதற்கு மாற்றாகாது. விடுப்பு எடுத்தால் கூலி போய்விடும் என்ற நிலை இருக்கும் வரை தொழிலாளி நோயை மறைக்கத்தான் செய்வார். அந்த 48 மணி நேரத்துக்கான ஊதியத்தையும் மாசுக் கட்டுப்பாட்டுச் செலவாகவே நிர்வாகம் கணக்கிட வேண்டும். பெட்டியில் செலவான பொருட்களை நிரப்பி, புதிய முத்திரையிட்டு, அதன் எண்ணைப் பதிவேட்டில் எழுதிய பிறகு கன்வேயரை இயக்கலாம்.