ஆய்வேட்டில் சாட்ஜிபிடியை மேற்கோள் காட்டிய விதம்

என் ஆய்வு செட்டிநாட்டு வீடுகளைப் பற்றியது. காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி வீடுகளில் எடுத்த களக்குறிப்புகளை முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று வீட்டின் பகுதிவாரியாக வகைப்படுத்த, சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தினேன். அதை ஆய்வேட்டில் எப்படிக் குறிப்பிடுவது? எங்கள் துறையின் வழிகாட்டியில் அதற்கு இடமே இல்லை.

ஆய்வுகளில் மேற்கோள் காட்டப் பல முறைகள் உண்டு; ஏபிஏ, எம்எல்ஏ அவற்றில் இரண்டு. ஏபிஏ முறை 2023 ஏப்ரலில் இதற்கு வழி சொல்லியிருந்தது. உருவாக்கிய நிறுவனமான ஓப்பன்ஏஐ ஆசிரியர் இடத்தில் வரும்; பிறகு ஆண்டு, கருவியின் பெயர், பதிப்பு, பெரிய மொழி மாதிரி என்ற விளக்கம், இணைய முகவரி. எம்எல்ஏ முறையோ கருவியை ஆசிரியராக ஏற்பதில்லை. நாம் கேட்ட கேள்வியின் விவரத்தையே தலைப்பிடத்தில் வைக்கச் சொல்கிறது. எங்கள் துறை ஏபிஏவைப் பின்பற்றுவதால் எனக்கு அதுவே போதுமானது.

ஆனால் மேற்கோள் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பது பாதி வேலைதான். எந்தக் கட்டத்தில், எதற்காகப் பயன்படுத்தினேன் என்பதை ஆய்வு முறையியலில் எழுதினேன். கேள்விகளையும் பதில்களையும் முழுமையாகப் பின்னிணைப்பில் சேர்த்தேன். அதே கேள்விக்கு நாளை வேறு பதில் வரலாம் என்பதால், உரையாடலை அன்றன்றே தேதியுடன் சேமித்தேன்.

இந்த வீடுகளில் உள்ள பர்மா தேக்கு பற்றிச் சாட்ஜிபிடியிடம் கேட்டபோது அது ஒரு நூலின் பெயரைத் தந்தது. எந்த நூலகப் பட்டியலிலும் அந்த நூல் இல்லை. ஆகவே செய்திகளுக்குக் கருவியைச் சான்றாகக் காட்டவே கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன். தேக்கு பற்றிய பத்திக்கு நானே படித்த மூல நூல்களை மட்டுமே சான்றாகக் கொடுத்தேன். நெறியாளர் அம்மா அந்த இயலை ஏற்றுக்கொண்டார்.