சேவையக இணைப்பு அடிக்கடி அறுந்தால் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

இலங்கை மலையகத்தில் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருந்துகொண்டு, சிங்கப்பூரிலுள்ள சேவையகம் ஒன்றில் விஎஸ் கோட் (நிரல் எழுதும் மென்பொருள்) வழியாக, தொலைவிலுள்ள கணினியோடு பாதுகாப்பாக இணைக்கும் எஸ்எஸ்எச் மூலம் வேலை பழகுபவர்கள், இணைப்பு இரண்டு முறை அறுந்தவுடன் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். நானும் அப்படி ஒரு மாலைப் பொழுதை வீணாக்கியவன்தான். அறுந்த இடம் தெரியும்வரை எதையும் மாற்றாதீர்கள். கீழே வரும் கட்டளைகளை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

முதலில் இரண்டு முனையச் சாளரங்களைத் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கும் (பல வீடுகளில் 192.168.1.1) மற்றதில் சேவையகத்தின் முகவரிக்கும் பதில் வருகிறதா என்று சோதிக்கும் பிங் (ping) கட்டளையை ஓடவிடுங்கள். விண்டோஸில் அது நான்கு முறையோடு நின்றுவிடும் என்பதால் இறுதியில் ‘-டி’ (-t) சேர்க்க வேண்டும். ரவுட்டரிடமிருந்தே பதில் தவறினால் கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது. வைஃபையை விட்டுக் கம்பியில் இணைத்துப் பாருங்கள். ரவுட்டர் ஒழுங்காகப் பதிலளிக்க, சேவையகம் மட்டும் விட்டுவிட்டுப் பதிலளித்தால் வெளிப்பாதையைச் சந்தேகிக்கலாம். தொடக்கம் முதலே சேவையகத்திடமிருந்து ஒரு பதிலும் வராவிட்டால், அது பிங்கைத் தடுத்து வைத்திருக்கவும் கூடும்.

வெளிப்பாதை என்றதும் நம் ஊரில் பனிமூட்டத்தின்மீது பழி விழும். உண்மையில் 4ஜி அலைவரிசைகளைப் பனி பெரிதாகப் பாதிப்பதில்லை. கோபுரத்தை மறைக்கும் மலைமுகடும், தோட்டத்து லயத்தின் (வரிசை வீடுகளின்) தகரக் கூரையும்தான் சிக்னலைக் கெடுக்கின்றன. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் சிக்னலின் வலிமையைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி (RSRP) என்ற எண் -110 டிபிஎம்மை விடக் கீழே இருந்தால், ரவுட்டரைக் கோபுரம் இருக்கும் திசையிலுள்ள ஜன்னலருகே வைத்து மீண்டும் பாருங்கள்.

பிங் இரண்டும் சீராக இருந்தும், தேநீர் குடித்துவிட்டு வரும்போது மட்டும் இணைப்பு அறுந்திருந்தால் காரணம் வேறு. ரவுட்டரோ இணையச் சேவை நிறுவனத்தின் கருவியோ, நெடுநேரம் தரவு ஓடாத இணைப்பைத் தன் அட்டவணையிலிருந்து நீக்கிவிடுகிறது. உங்கள் கணினியின் எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில், அந்தச் சேவையகத்துக்குரிய பகுதியின் கீழ், ‘சேர்வர்அலைவ்இன்டர்வெல் 30’ (ServerAliveInterval 30) என்றும் ‘சேர்வர்அலைவ்கவுண்ட்மேக்ஸ் 3’ (ServerAliveCountMax 3) என்றும் இரண்டு வரிகளைச் சேருங்கள். சேவையகத்திலிருந்து எதுவும் வராமல் 30 விநாடி கழிந்தால் ஒரு செய்தி போகும். மூன்று செய்திகளுக்கும் பதில் வராவிட்டால், ஏறத்தாழ 90 விநாடிகளில் இணைப்பு கைவிடப்படும். சிலர் 30ஐ 5 ஆக்குகிறார்கள், அது தவறு: சிக்னல் 15 விநாடி மறைந்தாலே, தானாகத் தேறியிருக்கக்கூடிய இணைப்பையும் நாமே அறுத்துவிடுவோம்.

வேலைக்கு நடுவே, அதுவும் பெரிய கோப்புறையைத் திறக்கும்போது அறுந்தால், சேவையகத்தில் ‘ஃப்ரீ -எம்’ (free -m) என்று கொடுத்து நினைவகத்தைப் பாருங்கள். விஎஸ் கோட் தன் ஒரு பகுதியைச் சேவையகத்திலேயே ஓட்டுகிறது. அதற்குக் குறைந்தது 1 ஜிபி தேவை, 2 ஜிபி பரிந்துரைக்கப்படுகிறது. மலிவான சேவையகங்களில் நினைவகம் தீர்ந்ததும், அவற்றின் இயங்குதளமான லினக்ஸ் அப்பகுதியை நிறுத்திவிடலாம். அப்போது நம் திரையில் தெரிவது இணைப்பு அறுந்த செய்தி மட்டுமே. சேவையகத்தின் பதிவுகளைக் காட்டும் ‘டிமெசெக்’ (dmesg) கட்டளையின் கடைசி வரிகளில் ‘அவுட் ஆஃப் மெமரி’ (Out of memory) என்று இருந்தால், ரவுட்டரை ஜன்னலிலிருந்து எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிடலாம்.