வளவு வீட்டில் ஓர் இருட்டறை: படம் கழுவத் தொடங்குபவர்களுக்கு

செட்டிநாட்டில் யாரும் இருட்டறை கட்ட வேண்டியதில்லை, கேட்டு வாங்கினால் போதும். வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றியிருக்கும் அறைகளைப் பார்த்திருப்பீர்கள். தடித்த சுவர், குனிந்து நுழையும் கதவு, சன்னல் இருந்தாலும் சின்னதாக ஒன்று. வெயிலும் திருடனும் உள்ளே வரக்கூடாது என்று கட்டியவை. பட்டப்பகலில் விளக்கில்லாமல் போனால் சீர்ச் சாமான் அண்டாவில் முட்டிக்கொள்வோம். சென்னையில் என் நண்பர்கள் குளியலறைக் கதவிடுக்கில் துண்டைத் திணித்துக்கொண்டு படம் கழுவுகிறார்கள். நமக்கு அந்தப் பாடு இல்லை.

நமக்கு இருப்பது வேறு பாடு. அறை எந்தப் புள்ளியின், அதாவது எந்தக் குடும்பத்தின் பங்கு என்று தெரிந்துகொண்டு, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர்கள் சிங்கப்பூரில் இருந்தாலும் சரி. வருடத்துக்கு ஒருமுறை முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வருகிறவர், தன் அறையில் புளிச்ச வாடையும் சிவப்பு விளக்குமாக இருப்பதைப் பார்த்துத் திகைக்கக் கூடாது. எனக்குக் கிடைத்தது இரண்டாங்கட்டு ஓர அறை. சாவியைக் கொடுக்கும்போது ஆத்தா போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "சுவத்துல ஆணி கீணி அடிச்சே, சாவியத் திருப்பி வாங்கிப்புடுவேன்." அவர் சொன்னது சரிதான். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு அது. ஒருமுறை பெயர்ந்தால் அதே வழவழப்பில் ஒட்டுப்போட ஆள் கிடைப்பது அரிது. எல்லாவற்றையும் தரையில் நிற்கும் சட்டங்களிலும் பழைய துணி ஸ்டாண்டிலுமே மாட்டினேன்.

இருட்டு போதுமா?

நடுப்பகலில் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியாது. கண் பழகிய பிறகுதான் சாவித்துவாரம், கதவுப் பலகை இடுக்கு, மேலே இருக்கும் வர்ணக் கண்ணாடி எல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுக்கும். முகத்துக்கு நேரே பிடித்த வெள்ளைத் தாள் மங்கலாகவாவது தெரிந்தால் இன்னும் அடைக்க வேண்டும். கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாக்கி வாசலை மறைத்துத் தொங்கவிட்டால் பாதி வேலை முடிந்தது. சிவப்புக் கண்ணாடிதானே, சேஃப்லைட் (இருட்டறைச் சிவப்பு விளக்கு) மாதிரி விட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அதன் வழியாக வரும் வெயிலில் வேறு நிறங்களும் கலந்திருக்கும்.

உள்தாழ்ப்பாள் கட்டாயம் வேண்டும். "அண்ணே, காப்பி" என்று சித்தப்பா மகன் கதவைத் திறந்த ஒரே நொடியில் ஒரு பெட்டி போட்டோத் தாள் முழுவதும் கறுத்துப்போனது.

காற்றையும் சேர்த்து அடைத்துவிடாதீர்கள். படத்தை நிலைக்கவைக்கும் மருந்தான ஃபிக்ஸரின் வாடை தலைவலி தரும். இடையிடையே தாளைப் பெட்டிக்குள் மூடிவிட்டுக் கதவைத் திறந்து வைத்து, ஒரு மேசை விசிறியை வெளிப்பக்கம் பார்த்து ஓடவிடுங்கள்.

தரை, மேசை, தட்டுகள்

உங்கள் அறையில் ஆத்தங்குடிக் கல் என்றால் இதை இரண்டுமுறை படியுங்கள். அது சிமென்ட் கல். கண்ணாடிமேல் வார்த்து எடுப்பதால்தான் அந்தப் பளபளப்பு. படத்தைத் தோன்றவைக்கும் மருந்து டெவலப்பர், அதன் வேலையை நிறுத்துவது ஸ்டாப் பாத். அது அமிலம், சிமென்டை அரிக்கும். என் அறையில் ஒரு பூவின் இதழ் வெளுத்துப்போயிருக்கிறது. அதன்மேல் இப்போது ஒரு முக்காலி நிற்கிறது, ஆத்தாவுக்கு இன்னும் தெரியாது. முதலிலேயே தரை முழுக்கத் தார்ப்பாய் விரித்துவிடுங்கள்.

அறையை ஈரப்பக்கம், காய்ந்தபக்கம் என்று பிரிக்க வேண்டும். காய்ந்தபக்கத்தில் தாள், நெகட்டிவ், பல்பு, பிறகு வாங்கப்போகும் என்லார்ஜர் (படத்தைப் பெரிதாக்கும் கருவி). ஈரப்பக்கத்தில் வரிசையாக டெவலப்பர், ஸ்டாப் பாத், ஃபிக்ஸர், தண்ணீர். ஈரக்கை சுவிட்சுப் பக்கம் போகவே கூடாது. பழைய வீட்டு ஒயரிங்கை நம்பாமல் எலக்ட்ரீசியனை வைத்து எர்த் பார்த்துவிடுங்கள்.

தட்டுகளுக்குப் பெரிய செலவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் எனாமல் தட்டுகள் கிடைக்கும். விளிம்பு பெயர்ந்து இரும்பு தெரியாததாகப் பாருங்கள். அப்படிக் கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் தட்டு போதும். பித்தளையும் செம்பும் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம், செம்பு கலந்தால் டெவலப்பர் கெடும். இங்கே புழங்கிய பாத்திரம் மறுபடி அடுப்படிக்குப் போகக் கூடாது. தட்டுக்கு ஓர் இடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். டெவலப்பர் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொடுக்கும்.

சிவப்பு விளக்கு

கறுப்பு வெள்ளைத் தாளுக்குச் சிவப்பு வெளிச்சம் பெரும்பாலும் தெரியாது, அதனால்தான் அந்த விளக்கு. 15 வாட்டுக்கு மேல் வேண்டாம், தாளிலிருந்து நாலடியாவது தள்ளி இருக்கட்டும். கடையில் வாங்கிய சிவப்பு பல்பு எல்லாம் பத்திரமானது அல்ல என்பதால் காசுச் சோதனை செய்துபாருங்கள். அந்த வெளிச்சத்தில் ஒரு துண்டுத் தாள்மேல் ஐந்து நிமிடம் காசை வைத்திருந்து, பிறகு கழுவுங்கள். காசின் வட்டம் தெரிந்தால் விளக்கை மாற்ற வேண்டும். ஃபிலிமுக்கோ எந்த விளக்கும் ஆகாது, ஒளி புகாத டேங்கில் ஏற்றி மூடும்வரை முழு இருட்டுதான். கைபேசியை வெளியே வைத்துவிட்டு வாருங்கள்.

தண்ணீரும் வெயிலும்

வெளிநாட்டுப் புத்தகங்கள் எல்லாம் 20 டிகிரி என்றுதான் சொல்லும். நம் மேல்தொட்டித் தண்ணீர் சித்திரையில் கையைச் சுடும். இல்ஃபோர்ட் ஹெச்பி5 ப்ளஸ் ஃபிலிமுக்குத் தண்ணீர் கலக்காத ஐடி-11 டெவலப்பரில் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். சூடு கூடக்கூட நேரம் குறையும், டிகிரிக்குப் பத்தில் ஒரு பங்கு என்று தோராயமாகக் கொள்ளலாம். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் படம் திட்டுத்திட்டாக வரும்.

நான் செய்வது இது. அண்டாவில் மண்பானைத் தண்ணீரை ஊற்றி, டெவலப்பர், ஸ்டாப் பாத், ஃபிக்ஸர் பாட்டில்களையும் கழுவும் தண்ணீரையும் அதில் நிற்க வைப்பேன். (அண்டா பித்தளைதான், மருந்து பாட்டிலுக்குள் இருப்பதால் பரவாயில்லை.) போதாததற்குப் பையில் கட்டிய ஐஸ். தெர்மாமீட்டர் 20 காட்டும்வரை காத்திருக்க வேண்டும். டெவலப்பர் மட்டும் குளிர்ந்து கழுவும் தண்ணீர் வெந்துகொண்டிருந்தால் ஃபிலிமின் மேல்பூச்சு சுருங்கி வெடிப்பு விடும்.

ஒருவரும் எழுதாத இன்னொரு தொல்லை வியர்வை. வியர்த்த கையோடு டேங்குக்குள் வைக்கும் பிளாஸ்டிக் ரீலில் ஃபிலிமை ஏற்றினால் பாதியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். விடியற்காலையில் ஏற்றுங்கள். அதற்கு முன்பு ஒரு பழைய ஃபிலிமை வைத்து வெளிச்சத்தில் பத்துமுறை, கண்ணை மூடிக்கொண்டு பத்துமுறை பழகுங்கள்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் காய்ந்த ஃபிலிமில் வெள்ளைப் புள்ளி விழும். கடைசி அலசலுக்கு மட்டும் முற்றத்தில் பிடித்த மழைத் தண்ணீரை வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். கூரையெல்லாம் முற்றத்தை நோக்கிச் சரிந்த வீட்டில் இருந்துகொண்டு இதற்குக் கேன் தண்ணீர் வாங்குவதா?

முதல் ராத்திரி

என்லார்ஜர் இல்லாமலே தொடங்கலாம். உடைந்த போட்டோ சட்டத்தின் கண்ணாடி ஒன்று, மூன்றடி உயரத்தில் வெள்ளை ஜீரோ வாட் பல்பு ஒன்று, அவ்வளவுதான். தாள் புதிதாக இருக்கட்டும். ஊட்டியில் இருந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' தாள் பழைய ஸ்டூடியோக்களில் கிடைத்தால் ஆசை வரும். ஆனால் வயதான தாள் தானாகவே மங்கியிருக்கும், முதல் பாடத்துக்கு ஆகாது.

ஐயாவின் தகரப்பெட்டியில் எனக்குப் பெரிய அளவு நெகட்டிவ்கள் சில கிடைத்தன. அப்படி ஏதாவது உங்கள் வீட்டிலும் இருக்கும், தேடுங்கள். சிவப்பு விளக்கில் தாளின் பளபளப்பான பக்கத்தை மேலாக வைத்து, நெகட்டிவின் மங்கலான பக்கம் அதைத் தொடும்படி படுக்கவைத்துக் கண்ணாடியால் அழுத்துங்கள். முதலில் ஒரு துண்டுத் தாள். அட்டையால் மறைத்துக்கொண்டு, நொடிக்கு ஒரு விரல்கடை நகர்த்தினால் வெளுப்பிலிருந்து கறுப்புவரை படிக்கட்டுபோல் வரும். அதுதான் டெஸ்ட் ஸ்ட்ரிப். எந்தப் படியில் முகம் சரியாக இருக்கிறதோ அத்தனை நொடி முழுத்தாளுக்கு.

அப்புறம் டெவலப்பரில் ஒரு நிமிடம், தட்டை மெல்ல ஆட்டிக்கொண்டே. ஸ்டாப் பாத்தில் பத்து நொடி. ஃபிக்ஸரில் ஒரு நிமிடம். பிளாஸ்டிக் பூச்சுத் தாள் என்றால் ஓடும் தண்ணீரில் இரண்டு நிமிடம். கறுத்துவிடுமோ என்று பயந்து பாதியில் எடுக்காதீர்கள். எல்லோரும் முதல் ராத்திரி அதைத்தான் செய்கிறோம், படம் சேறாகிவிடும்.

கரண்ட் போனால் பதறாமல், கண்ணாடிக்கு அடியில் இருக்கும் தாளைக் கையால் தடவி எடுத்துக் கறுப்புப் பைக்குள் போடுங்கள்.

அறைக்குள் என்ன வைப்பது

ஊருக்கெல்லாம் ஒரே பதில் இதற்கு இல்லை. என்னிடம் ஒரு சின்ன ரேடியோவும், வெளிச்சமில்லாமல் டிக் டிக் என்று ஒலிக்கும் ஒரு கடிகாரமும் இருக்கின்றன. நொடி எண்ண அந்தச் சத்தமே போதும். ஈரப்பக்கத்துக்கு எதிரே ஒரே ஒரு படம். ஐயா பர்மாவுக்குப் போகுமுன் எடுத்தது, வளவில் சட்டம் போட்டுத் தொங்கியது. நிழலுக்குள்ளேயும் வேட்டி மடிப்பு தெரிகிறது. என் பிரிண்டை அதன் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பேன். பெரும்பாலும் என்னுடையது தோற்கும், மறுபடி ஒரு தாளை எடுப்பேன்.

மிச்சமான ஃபிக்ஸர்

தீர்ந்த ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும். அதைக் கிணற்றடியிலோ ஊருணிக்குப் போகும் வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். மூடியுள்ள கேனில் சேர்த்து, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் ஒன்றைப் போட்டு வையுங்கள். இரும்பு கரைய வெள்ளி கசடாக அடியில் படியும். கேன்மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். கல்யாண வீட்டுக் கூட்டத்தில் எந்தக் கேனும் தண்ணீர்க் கேன்தான்.