டெல்லியில் கிழமை பார்த்துச் சுற்றுங்கள்

காலையில் வேனில் ஏற்றி, செங்கோட்டை, இந்தியா கேட், குதுப் மினார், தாமரைக் கோயில் என்று இடத்துக்கு அரை மணி நேரம் இறக்கிவிட்டு, இருட்டியதும் லாட்ஜில் கொண்டு சேர்ப்பார்களே, அந்த டெல்லியைத்தான் முதல் தடவை நானும் பார்த்தேன். இன்று ஞாபகம் இருப்பது வேனின் ஜன்னல் திரை மட்டும். பிறகு வேலைக்காக அங்கேயே குடியிருந்தபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. டெல்லிக்காரர்கள் கிழமை பார்த்துத்தான் வெளியே கிளம்புவார்கள்.

திங்கட்கிழமை சரோஜினி நகர், லாஜ்பத் நகர், கரோல் பாக் கடைவீதிகளுக்கு வார விடுமுறை. செங்கோட்டையும் தாமரைக் கோயிலும்கூட அன்று திறக்காது. அதனால் திங்களைத் தோட்டங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் லோதி தோட்டத்துக்குப் போனால், 15, 16ஆம் நூற்றாண்டுக் கல்லறைகளைச் சுற்றி வேக நடை போடுகிறவர்கள், புல்லில் உட்கார்ந்து யோகா செய்கிறவர்கள், அரசியல் பேசும் ஓய்வுபெற்ற அதிகாரிகள் என்று பாதி ஊரையே பார்த்துவிடலாம், டிக்கெட்டும் கிடையாது. மெஹ்ரோலி தொல்லியல் பூங்காவும் இலவசம்தான். பக்கத்திலேயே குதுப் மினாரில் கூட்டம் முண்டியடிக்கும்போது, இங்கே சுல்தான் பால்பன் கல்லறையிலும் ராஜோன் கி பாவ்லி என்கிற படிக்கிணற்றிலும் பல நேரம் நீங்களும் நாலைந்து கிளிகளும்தான் இருப்பீர்கள்.

செவ்வாய் அனுமனுக்கு உகந்த நாள் என்பதால் அன்று பல வீடுகளில் அசைவம் இருக்காது. மாலையில் கன்னாட் பிளேஸ் பக்கம் பாபா கடக் சிங் சாலையில் உள்ள அனுமன் கோயிலுக்குப் போங்கள். வாசலில் வரிசையாக உட்கார்ந்து மருதாணி போட்டுவிடுவார்கள், வளையல் கடைகளும் உண்டு.

வியாழன் மாலை நிஜாமுதீன் தர்கா. கவ்வாலி என்கிற சூஃபி பக்திப் பாட்டைக் கேட்கவே வருகிற கூட்டம் அன்று அதிகம். தலைக்குத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். சந்துக்குள் நுழைந்த உடனேயே செருப்பை இங்கே விடு, பூத்தட்டு வாங்கு என்று கூப்பிடுவார்கள், கண்டுகொள்ளாமல் தர்கா வாசல்வரை நடந்துவிடுங்கள். சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியாவின் சமாதி அறைக்குள் பெண்களை விடமாட்டார்கள், முற்றத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கலாம். கவிஞர் அமீர் குஸ்ரோவின் சமாதியும் அதே வளாகத்தில்தான்.

பழைய டெல்லிக்கு வார நாளில் போவதென்றால் மெட்ரோ மஞ்சள் லைனில் சாவ்ரி பஜார் ஸ்டேஷனில் இறங்கி நடங்கள். காரி பாவ்லி மசாலாச் சந்தையில் மிளகாய் மூட்டைகள் நடுவே தும்மிக்கொண்டே போகும்போது, பின்னால் தள்ளுவண்டிக்காரர் குரல் கொடுத்தால் உடனே ஒதுங்கிவிட வேண்டும், அவரால் நிறுத்த முடியாது. குளிர்காலம் என்றால் தௌலத் கி சாட் தேடுங்கள், பால் நுரையில் செய்கிற, வாயில் வைத்ததும் காணாமல் போகிற இனிப்பு. காலையிலேயே போய்விடுங்கள். ஞாயிறன்று அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், அன்றைக்கு டெல்லி கேட் மெட்ரோ அருகே மகிளா ஹாட்டில் கூடும் பழைய புத்தகச் சந்தைக்குப் போகலாம். 2019 வரை தரியாகஞ்ச் நடைபாதையில் நடந்த அதே சந்தைதான்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது வாரச்சந்தை. சோம் பஜார், புத் பஜார், ஷனி பஜார் என்று கிழமைப் பெயரிலேயே பேட்டைக்கு ஒன்று, சாயங்காலமானால் தெருவோரம் முளைத்துவிடும். காய்கறி, போர்வை, செருப்பு, பிளாஸ்டிக் வாளி எல்லாம் கிடைக்கும். இன்றைக்குப் பக்கத்தில் எங்கே பஜார் என்று தங்குமிடத்தில் கேளுங்கள்.

பேரம் பேசப் போகும் முன் ஒரு ஹிந்திக் கணக்கு. டேட் சௌ என்றால் 150, டாயீ சௌ என்றால் 250, சாடே தீன் சௌ என்றால் 350. ஒன்று முதல் நூறுவரை மனப்பாடம் செய்துவிட்டுப் போன நானே இதில்தான் மாட்டிக்கொண்டு, 150 ரூபாய்ச் சால்வைக்கு 250 கொடுத்துவிட்டு வந்தேன். கடைக்காரர் வாயைத் திறக்கவில்லை.

சாப்பாட்டுக்கு மதியம் அசோகா சாலை ஆந்திர பவன் கேன்டீன், வரிசை நீளம்தான், ஆனால் சட்டென்று நகரும். தாகத்துக்கு பண்டா, அதாவது நம்ம கோலி சோடாவேதான், எலுமிச்சையும் மசாலாவும் கலந்து தருவார்கள். நாலு நாளில் ஊர் ஞாபகம் வந்துவிட்டால் ஆர்.கே.புரத்தில் மலை மந்திர் இருக்கிறது, குன்றின் மேல் சுவாமிநாதன்.

பிப்ரவரி, மார்ச்சில் போங்கள், இலவம் பூத்திருக்கும். நவம்பரில் புகைமூட்டம், மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் தவிர்த்துவிடுவது நல்லது. மெட்ரோவில் யாரையாவது சந்திப்பதென்றால் ஸ்டேஷன் பெயர் மட்டும் போதாது, கேட் நம்பரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், தப்பான கேட்டில் ஏறி வந்தால் அகலமான சாலைக்கு எதிர்ப்புறம் நின்றுகொண்டிருப்பீர்கள். கடைசி ரயில் இரவு 11 மணியை ஒட்டி.