மேகத்தின் தலையைப் பார்த்து மழையை அளக்காதீர்கள்: செயற்கைக்கோள் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் வாட்ஸ்அப் குழுக்களில் செயற்கைக்கோள் படங்கள் வரிசைகட்டி வரும். வங்கக்கடலில் சிவப்பும் கருப்புமாக ஒரு பெரிய திரள், கீழே "இன்று இரவு கொட்டப் போகிறது" என்று ஒரு வரி. பல நேரம் படம் உண்மையானதாகவே இருக்கும். அதைப் படிக்கும் விதத்தில்தான் கோளாறு.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, மேகம் எவ்வளவு பளிச்சென்று தெரிகிறதோ அவ்வளவு மழை என்று நினைப்பது. நம் கைக்கு வருபவை பெரும்பாலும் அகச்சிவப்புப் படங்கள். இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் ஆகிய இந்திய வானிலைச் செயற்கைக்கோள்கள் சுமார் 36,000 கி.மீ. உயரத்திலிருந்து மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று அளக்கின்றன. மேலே போகப் போகக் குளிர் கூடும். அதனால் உச்சி மைனஸ் 70 டிகிரியில் இருந்தால் மேகம் மிக உயரத்தை எட்டியிருக்கிறது என்று தெரியும். அதன் அடியில் மழை பெய்கிறதா என்பதை அந்த ஒரு எண் சொல்லாது. இடிமேகம் கொட்டி ஓய்ந்த பிறகும் அதன் தலையிலிருந்து பரவிய பனித்துகள் மேகம் மணிக்கணக்கில் மிதக்கும். மேல்காற்று அதை நூற்றுக்கணக்கான கி.மீ. இழுத்துக்கொண்டு போகும். படத்தில் வெள்ளை வெளேர் என்று இருக்கும், கீழே ஒரு சொட்டு விழாது.

இதற்கு நேர்மாறான நிலை இன்னும் கவலைக்குரியது. கிழக்குக் காற்றோடு கடலிலிருந்து கரையேறும் குட்டையான மேகங்களின் உச்சி அவ்வளவாகக் குளிர்ந்திருக்காது. அகச்சிவப்பில் அவை மங்கலான சாம்பல் திட்டுகளாகத் தெரியும், சில சமயம் கண்ணிலேயே படாது. ஆனால் அவை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்தைக் கடந்தால் விடியற்காலையில் கடலோரத்தில் நல்ல மழை கொட்டும். எனவே பகலில் சாதாரண ஒளியில் எடுத்த படத்தையும் சேர்த்துப் பாருங்கள். இரவில் அந்தப் படம் வெறும் கருப்பாக இருக்கும். மேகமே இல்லை என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது, வெளிச்சம் இல்லை, அவ்வளவுதான். அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் உங்கள் ஊரில் மழை வருமா என்ற கேள்விக்கு, தரையிலிருந்து மழைத்துளிகளையே நோட்டமிடும் ரேடாரின் படமே சரியான துணை.

ஒற்றைப் படத்தை வைத்து முடிவெடுப்பதையும் விட்டுவிடுங்கள். கடைசி மூன்று மணி நேரப் படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தால் கதையே மாறும். உச்சி மேலும் மேலும் குளிர்ந்து, விளிம்பு கூர்மையாக இருந்தால் மேகம் வளர்கிறது. விளிம்பு நார்நாராகப் பிரிந்தால் பெரும்பாலும் ஓய்கிறது.

அப்புறம் நேரம். பல தளங்களின் படங்களில் உலகப் பொது நேரமே (UTC) இருக்கும், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். ஃபார்வர்டாக வரும் படத்தில் நேரமே வெட்டப்பட்டிருந்தால் அதைப் பகிராமல் இருப்பதே நல்லது. இடிமேகம் ஒரு மணி நேரத்தில் பிறந்து அடங்கிவிடும், காலைப் படம் மாலைக்கு உதவாது.

எந்தச் செயற்கைக்கோள் எடுத்த படம் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. ஜப்பானின் ஹிமாவாரி 140.7 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே நிற்கிறது, தமிழகத்தை மிகவும் சாய்வாகப் பார்க்கிறது. 15 கி.மீ. உயர மேகம் ஒன்று அதன் படத்தில் உண்மையான இடத்திலிருந்து 30 கி.மீ.க்கும் மேல் மேற்கே தள்ளித் தெரியலாம். அதாவது கடலுக்கு மேல் நிற்கும் மேகம் சென்னைக்கு மேல் நிற்பதுபோலத் தோன்றும். 74, 82 டிகிரியில் நிற்கும் இன்சாட் கோள்களுக்கு இந்தப் பிழை மிகக் குறைவு. நம் பகுதிக்கு அவற்றையே முதலில் பாருங்கள். வானிலை ஆய்வுத் துறையின் தளத்திலும் இஸ்ரோவின் மாஸ்டாக் (MOSDAC) தளத்திலும் இலவசமாகவே கிடைக்கின்றன.

சுருள் வடிவம் இருந்தால்தான் ஆபத்து என்ற நினைப்பு பெரும் சேதத்தில் கொண்டுபோய் விடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களை மூழ்கடித்தது புயல் அல்ல, குமரிக்கடல் பகுதியில் இருந்த மேலடுக்குச் சுழற்சி. கண்ணும் இல்லை, சுருளும் இல்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. அதற்கு இரண்டு வாரம் முன்பு வந்த மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. ஆனால் அதற்கு முந்தைய நாளே சென்னை வெள்ளத்தில் கிடந்தது. புயலின் மையப்புள்ளியை மட்டும் துரத்துபவர்கள் மழைப்பட்டையைத் தவறவிடுகிறார்கள்.

சுற்றுச்சூழல் கண்காணிப்பில் வேறொரு தவறு அடிக்கடி நடக்கிறது. படத்தில் தெரியாதது நடக்கவே இல்லை என்று எண்ணுவது. பஞ்சாப், ஹரியானாவில் வைக்கோல் எரிப்பைக் கணக்கிடப் பெரிதும் பயன்படும் கோள்கள் பிற்பகல் ஒன்றரை மணியளவில் கடந்து போகும். அதற்குப் பிறகு வைக்கும் தீ அந்தக் கணக்கில் வராமல் போகலாம். எண்ணிக்கை குறைந்தால் எரிப்பும் குறைந்தது என்று உடனே சொல்லிவிட முடியாது. நாள் முழுதும் ஒரே இடத்தைப் பார்க்கும் கொரியாவின் புவிநிலைக் கோளோடு ஒப்பிட்டபோது மாலைப் புகை தெரிந்தது.

ஏரிகளுக்கும் இது பொருந்தும். ஆகாயத்தாமரை மூடிய ஏரி மேலிருந்து பச்சை வயல்போலத் தெரியும். நீர்ப்பரப்பைத் தானாகக் கணக்கிடும் முறை அதை நிலம் என்று ஒதுக்கிவிடலாம். காற்று மாசுக்கு வந்தால், கோள் அளப்பது தரையிலிருந்து வான்வரை உள்ள மொத்தத் தூசியை. நாம் சுவாசிக்கும் உயரத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அறிய தரையில் வைத்த கருவியின் அளவையும் பார்த்தாக வேண்டும்.

வெள்ள வரைபடங்களில் கூடுதல் கவனம் தேவை. சென்டினல்-1 போன்ற ரேடார் கோள்கள் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும், வயல்வெளி வெள்ளத்தை நன்றாகவே காட்டும். நெருக்கமான தெருக்களில் கட்டடச் சுவர்கள் அலையை எதிரொலித்துக் கணக்கைக் குழப்பிவிடும். வேளச்சேரி போன்ற பகுதி வரைபடத்தில் உலர்ந்ததாகத் தெரிந்தாலும், அங்கே தண்ணீர் இல்லை என்று நிவாரணப் பட்டியலிலிருந்து எடுப்பதற்கு முன் அந்தத் தெருவில் இருப்பவர் ஒருவரிடம் போனில் கேட்டுவிடுங்கள்.