பல்வலி: விடியும் வரை என்ன செய்யலாம், விடிந்ததும் எங்கே போக வேண்டும்

கவுந்தப்பாடிப் பக்கம் எங்களுக்குக் கரும்பாலை. நாட்டுச்சர்க்கரை காய்ச்சுகிறோம். கொப்பரையில் பாகு பதம் வந்துவிட்டதா என்று துளியை நாக்கில் வைத்துப் பார்ப்பது எனக்கு இருபது வருடப் பழக்கம். நடுநடுவே டீ வேறு. என் கீழ்க் கடவாய்ப்பல் சொத்தையானது இப்படித்தான்.

பல்லைப் பொறுத்தவரை எவ்வளவு இனிப்பு தின்றோம் என்பதைவிட எத்தனை தடவை தின்றோம் என்பதுதான் பெரிய கணக்கு. வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை விடுகின்றன. அதில் பல்லின் மேலோடு, அதாவது எனாமல், கொஞ்சம் கரைகிறது. அப்புறம் எச்சில் மெல்ல அதைச் சரிசெய்யும். மணிக்கொரு தரம் இனிப்பு பட்டால் எச்சிலுக்கு அவகாசமே கிடைக்காது. வெள்ளைச் சர்க்கரை என்றாலும் நாட்டுச்சர்க்கரை என்றாலும் பல்லுக்கு ஒன்றுதான். நான் விற்கிற சரக்குதான், இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். சொத்தையில் புழு என்று ஒன்று கிடையாது. கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்துப் புழு எடுக்கிறேன் என்பவரிடம் போக வேண்டாம்.

வலி எப்படி வருகிறது என்று முதலில் கவனியுங்கள். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுரீர் என்று கூசி, சில நொடியில் அடங்கிவிட்டால் எனாமல் தேய்ந்திருக்கலாம், ஈறு இறங்கியிருக்கலாம், அல்லது சொத்தை ஆரம்ப நிலையில் இருக்கலாம். செங்கல் பொடியிலும் சாம்பலிலும் பல் தேய்த்தவர்களுக்கு இது சகஜம். இந்த நிலையில் போனால் பெரும்பாலும் அடைப்பதோடு வேலை முடியும். சூடான டீ பட்டு, குடித்து முடித்த பிறகும் விண்விண் என்று நிமிடக்கணக்கில் தெறித்தால், அல்லது ஒன்றும் தின்னாமலே நடுராத்திரியில் எழுப்பிவிட்டால், பெரும்பாலும் சொத்தை நரம்பு வரை போயிருக்கும். கடித்தால் மட்டும் வலித்தால் பல்லில் விரிசலோ, வேரடியில் சீழோ இருக்கும். கொட்டைப்பாக்கு கடிப்பவர்களுக்கும் கரும்பைப் பல்லாலேயே உரிப்பவர்களுக்கும் விரிசல் விழும். பதினேழிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் கடைசிப் பல்லைச் சுற்றி வலித்தால் ஞானப்பல்லைப் பாருங்கள். மூக்கடைப்போடு மேல் கடவாய்ப்பல் நான்கைந்து சேர்ந்து வலித்து, குனிந்தால் அதிகமானால் அது சைனஸாக இருக்கலாம். தாடை வலியோடு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் வந்தால் பல்லைப் பற்றி யோசிக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

சரி, ராத்திரி பதினோரு மணிக்கு வலி ஆரம்பித்துவிட்டது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு நன்றாகக் கொப்பளியுங்கள். பல்லிடுக்கில் கறித்துணுக்கோ கரும்பு நாரோ சிக்கியிருந்தால் பல் இடுக்கு நூலால் மெதுவாக எடுங்கள், குண்டூசி வேண்டாம். எனக்கு முதல் தடவை வலி வந்தபோது அம்மாயி பக்கத்தில் இருந்தார். "படுத்தராத சாமி, தலகாணிய ஒசத்திப் போட்டுச் சாஞ்சு உக்காரு" என்றார். படுத்தால் தலைக்கு ரத்த ஓட்டம் கூடி நரம்பில் அழுத்தம் ஏறும். அதனால்தான் பகலில் பொறுக்க முடிந்த வலி ராத்திரியில் ஆளையே உலுக்குகிறது. வேறு எதுவும் கேட்காத நேரத்தில்கூட எனக்கு அந்தச் சாய்வு கைகொடுத்தது.

கிராம்பு உண்மையிலேயே வேலை செய்யும். அதிலுள்ள யூஜெனால் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும். ஒரு கிராம்பைச் சொத்தைப் பல்லருகே ஒதுக்கிக்கொள்ளலாம். எண்ணெய் என்றால் பஞ்சில் ஒரே ஒரு துளி, குழியில் மட்டும் வையுங்கள். ஈறில் பட்டால் வெந்துவிடும். சின்னக் குழந்தைகளுக்குக் கிராம்பு எண்ணெய் கூடவே கூடாது. கன்னத்துக்கு வெளியே துணியில் சுற்றிய ஐஸ் கால் மணி நேரம் வைக்கலாம். சுடுதண்ணீர் ஒத்தடம் வேண்டாம், உள்ளே சீழ் இருந்தால் வீக்கம் கூடும்.

மாத்திரை என்றால் பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் 650 மில்லிகிராம் ஒன்று, ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் போகாமல். ஈரல் நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டெங்கு சந்தேகம் உள்ளவர்களும் ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை பக்கம் போகவே வேண்டாம். ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் வைப்பது, புகையிலையை அடக்கிக்கொள்வது இரண்டும் வாயைப் புண்ணாக்கும். மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் ஆன்டிபயாடிக் நரம்பு வலியைக் குறைக்காது.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். எனக்கு நான்காம் நாள் வலி தானாகவே நின்றுவிட்டது. கிராம்பு குணமாக்கிவிட்டது என்று நம்பி, கரும்பு வெட்டு மும்முரத்தில் அப்படியே விட்டுவிட்டேன். உண்மையில் உள்ளே நரம்பு செத்துப்போயிருந்தது, அதனால்தான் வலி இல்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் கன்னம் தேங்காய் மாதிரி வீங்கி, வாய் திறக்க முடியவில்லை. சீழை வடித்து, பல்லையும் எடுக்க வேண்டியதாயிற்று. அந்த நான்காம் நாளே போயிருந்தால் வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்து, மேலே உறை போட்டுப் பல்லைக் காப்பாற்றியிருக்கலாம். வலி நின்றாலும் போங்கள். கையில் காசு இல்லையென்றால் பல் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்குப் போகலாம். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை எது இருந்தாலும் உட்கார்ந்ததுமே சொல்லிவிடுங்கள். வீக்கத்தோடு காய்ச்சல், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், தாடைக்கடியிலோ கண்ணுக்குக் கீழேயோ வீக்கம் என்றால் விடியும் வரை காத்திருக்காமல் அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இப்போது வீட்டில் எல்லாரும் ஃப்ளோரைடு பேஸ்டில்தான் தேய்க்கிறோம், ராத்திரி தேய்த்த பிறகு ஒன்றும் தின்பதில்லை. ஆலையில் துளியைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பதம் பார்க்கிறோம். மகன் மறந்துபோய் நாக்கில் வைத்துவிட்டால், கொப்பளிக்கச் சொல்லிச் சொம்பை நீட்டுவேன்.